புதிய டொமைன் பின்னொட்டுகள்: யாருக்கும் யாருக்கும் சண்டை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு வணிகர்களுக்கும் அமைப்புகளுக்கும் டொமைன் பெயர் பதிவு செய்து கொடுப்பது என் தொழில். விலையைக் கேட்ட பிறகு பலரும் கேட்பது பின்னொட்டுகளைப் பற்றித்தான். இத்தனை பின்னொட்டுகள் எங்கிருந்து வந்தன, அவற்றின் பெயரில் நாடுகளும் நிறுவனங்களும் ஏன் மோதிக்கொள்கின்றன என்ற கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், பதில்களை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். ஆங்கில எழுத்தில் வழங்கும் பின்னொட்டுகளையும் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன்.

1. டொமைன் பின்னொட்டு என்று எதைச் சொல்கிறீர்கள்? அதை யார் கொடுக்கிறார்கள்?

இணைய முகவரியில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதிதான் பின்னொட்டு. .காம், .ஆர்க், .இன் எல்லாம் பின்னொட்டுகள். .இன், .எல்கே போன்ற இரண்டெழுத்துப் பின்னொட்டுகள் நாடுகளுக்கு உரியவை. மற்றவற்றில் பெரும்பாலானவை பொதுப் பின்னொட்டுகள். இந்தப் பக்கத்தில் பேசப்படும் சண்டைகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையைப் பற்றியவை.

உலகத்தில் உள்ள எல்லாப் பின்னொட்டுகளும் ஒரே ஒரு பட்டியலில் இருக்கின்றன. அதை வேர்ப் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். எது அந்தப் பட்டியலில் ஏறலாம் என்று முடிவு செய்வது ஐகான். கலிபோர்னியாவில் 1998-இல் பதிவு செய்யப்பட்ட, லாப நோக்கமில்லாத அமைப்பு அது. ஒரு பின்னொட்டை நடத்தும் நிறுவனத்துக்குப் பதிவகம் என்று பெயர். நமக்கு அதில் பெயர் விற்பவர் பதிவாளர். இந்த மூன்று பேரையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் மீதி எல்லாம் எளிதில் புரியும்.

2. புதிதாக ஒரு பின்னொட்டு வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? வேண்டியவர் வாங்கிக்கொள்ளட்டுமே?

வெளியுலகில் ஒரே பெயரை வெவ்வேறு தொழில் செய்பவர்கள் நிம்மதியாகப் பகிர்ந்துகொள்ளலாம். டெல்டா என்ற பெயரில் அமெரிக்காவில் விமான நிறுவனம் இருக்கிறது, தண்ணீர்க் குழாய் செய்யும் கம்பெனியும் இருக்கிறது. நம் காவிரி டெல்டா விவசாயிக்கும் அந்தச் சொல் சொந்தம்தான். வேர்ப் பட்டியலிலோ ஒரு சொல் ஒரு முறைதான் இடம்பெற முடியும். .டெல்டா இன்று அந்த விமான நிறுவனத்திடம் இருக்கிறது. வேறு எவருக்கும் இனி அது கிடைக்காது.

ஆகவே ஒரு பின்னொட்டைக் கொடுப்பது என்பது ஒரு சொல்லை உலகம் முழுவதற்குமாக ஒருவர் கையில் ஒப்படைப்பது. நிறுவனத்துக்கு அது வணிகச் சின்னம், நாட்டுக்கு அது நிலப்பரப்பு, பக்தருக்கு அது கடவுள் பெயர். ஏற்கெனவே பின்னொட்டு நடத்துபவருக்குப் புதியவர் போட்டி. நெட்வொர்க் பொறியாளரோ எது உடையுமோ என்று கவலைப்படுகிறார். எல்லோருடைய அச்சமும் நியாயமானதுதான். சண்டை வரக் காரணமும் அதுவே.

3. இந்தச் சண்டை இப்போது வந்ததா, முதலிலிருந்தே உண்டா?

பணம் நுழைந்த நாளிலிருந்து உண்டு. 1980-களின் நடுவில் .காம், .நெட், .ஆர்க், .எடு, .கவ், .மில் போன்ற சில பின்னொட்டுகள்தான் இருந்தன. இவற்றையெல்லாம் கவனித்துக்கொண்டவர் ஜான் போஸ்டல் என்ற ஒரே ஆய்வாளர். பதிவு இலவசம். 1995 செப்டம்பரில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம், பெயருக்கு இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. .காம் வேண்டுமென்றால் அந்த ஒரு நிறுவனத்திடம்தான் போக வேண்டும். அந்த ஏகபோகத்தின் மீது எழுந்த கோபம்தான் புதிய பின்னொட்டுகள் வேண்டும் என்ற கோரிக்கையாக மாறியது.

போட்டி வரட்டும் என்று போஸ்டல் 1996-இல் 150 புதிய பின்னொட்டுகள் வரை சேர்க்கலாம் என்று யோசனை சொன்னார். அது ஒரு குழுவின் கைக்குப் போய், 1997-இல் .வெப், .ஃபர்ம், .இன்ஃபோ உட்பட ஏழு பின்னொட்டுகளாகச் சுருங்கியது. அதற்கும் அமெரிக்க அரசு இசையவில்லை. அதே ஆண்டு ஜூலையில், அதிகாரப்பூர்வப் பட்டியலுக்குப் போட்டியாகத் தனியாக ஒரு வேர்ப் பட்டியல் நடத்திவந்த ஆல்டர்நிக் அமைப்பின் யூஜின் காஷ்புரெஃப், அதிகாரப்பூர்வப் பதிவுத் தளத்துக்குப் போனவர்களைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். 1998 ஜனவரியில் போஸ்டலே, வேர்ப் பட்டியலை உலகத்துக்கு வழங்கும் கணினிகளான வேர்ச் சர்வர்களில் எட்டின் பொறுப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இனிமேல் தன் கணினியிலிருந்து பட்டியலை எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். வெள்ளை மாளிகையின் அழுத்தத்தால் சில நாட்களில் அது பழைய நிலைக்குத் திரும்பியது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ஐகான் பிறந்தது. அக்டோபரில் போஸ்டல் காலமானார்.

நம்பிக்கைக்குரிய ஒரு மனிதரின் தீர்ப்பில் நடந்துகொண்டிருந்த ஏற்பாடு, அவர் இடத்தில் யார் என்ற கேள்விக்கு விடை இல்லாமல் ஓர் அமைப்பிடம் போய்ச் சேர்ந்தது. பின்னால் வந்த பிணக்குகள் பலவற்றில் அந்தக் குறையின் தடம் தெரிகிறது என்பது என் கருத்து.

4. ஐகான் வந்ததும் கதவைத் திறந்துவிட்டார்களா?

இல்லை, இடுக்கு மட்டும் விட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் 50,000 டாலர் கட்டி 40-க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். நவம்பரில் தேர்வானவை ஏழு: .இன்ஃபோ, .பிஸ், .நேம், .ப்ரோ, .மியூசியம், .ஏரோ, .கூப். ஏன் இவை, ஏன் மற்றவை இல்லை என்பதற்குத் திருப்தியான விளக்கம் அப்போதும் கிடைக்கவில்லை.

அந்தச் சுற்றில் இரண்டு காயங்கள் மிஞ்சின. .பிஸ் ஏற்கெனவே ஒரு மாற்று வேர்ப் பட்டியலில் நடந்துகொண்டிருந்தது. ஐகான் அதே சொல்லை வேறொருவருக்குக் கொடுத்தபோது பழையவர்களின் பெயர்கள் மதிப்பிழந்தன. இன்னொன்று .வெப். இமேஜ் ஆன்லைன் டிசைன் என்ற நிறுவனம் 1996-இலிருந்தே தன்னளவில் .வெப் நடத்திவந்தது. 2000-இல் கட்டணம் கட்டிக் கேட்டது, கிடைக்கவில்லை. 2012-இல் வழக்குப் போட்டது, அடுத்த ஆண்டு தோற்றது. .வெப்பின் கதை அத்தோடு முடியவில்லை, 10-ஆம் கேள்வியில் தொடர்கிறது.

5. ஆபாசத் தளங்களுக்கான .எக்ஸ்எக்ஸ்எக்ஸ் ஒப்புதல் பெற அத்தனை ஆண்டுகள் ஏன்?

ஐசிஎம் ரெஜிஸ்ட்ரி என்ற நிறுவனம் 2000-இல் முதலில் கேட்டது, பிறகு 2004 சுற்றில் மீண்டும் கேட்டது. 2005 ஜூனில் ஐகான் கொள்கையளவில் சம்மதித்தது. ஆகஸ்டில் அமெரிக்க வணிகத் துறை, ஆயிரக்கணக்கான எதிர்ப்புக் கடிதங்கள் வந்திருப்பதாகச் சொல்லி, நிதானிக்கும்படி எழுதியது. 2006-இலும் 2007-இலும் ஐகானின் இயக்குநர் குழு நிராகரித்தது. நிறுவனம் சுயாதீன மறுஆய்வு என்ற நடுவர் மன்றத்தை நாடியது. 2010 பிப்ரவரியில், ஐகான் தன் விதிகளையே பின்பற்றவில்லை என்று தீர்ப்பு வந்தது. 2011 மார்ச்சில் பின்னொட்டு கிடைத்தது.

எதிர்த்தவர்கள் மதவாத அமைப்புகள் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தொழிலில் இருந்தவர்களே பலமாக எதிர்த்தார்கள். தங்களை எல்லாம் ஒரே மூலையில் ஒதுக்கி, பிறகு அரசுகள் ஒரே கட்டளையில் தடுத்துவிடும் என்று அஞ்சினார்கள். இந்த வழக்கின் நிலையான விளைவு வேறு: ஐகானின் முடிவை எதிர்த்து வெல்ல முடியும் என்பது முதன்முதலாக நிரூபணமானது. அடுத்து வந்த பெரிய தகராறுகள் பலவும் அந்த வாசலைத் தட்டின.

6. 2012-இல்தான் எல்லாம் வெடித்தது என்கிறார்கள். அப்போது என்ன நடந்தது?

2011 ஜூன் 20 அன்று சிங்கப்பூர்க் கூட்டத்தில், கட்டுப்பாட்டைத் தளர்த்தி நிறுவனங்களும் அமைப்புகளும் தங்களுக்கு வேண்டிய சொல்லைக் கேட்கலாம் என்று ஐகான் முடிவெடுத்தது. ஒரு விண்ணப்பத்துக்கு 1,85,000 டாலர். 2012 ஜனவரியில் தொடங்கிய விண்ணப்பம் ஏப்ரலில் முடிந்திருக்க வேண்டும். ஒருவர் விண்ணப்பத்தின் விவரம் இன்னொருவர் கண்ணில் படும் அளவுக்கு மென்பொருளில் பிழை வந்ததால் மே 30 வரை நீண்டது. ஜூன் 13 அன்று லண்டனில் பட்டியல் வெளியானபோது 1,930 விண்ணப்பங்கள் இருந்தன. டோனட்ஸ் என்ற நிறுவனம் மட்டும் 307 கேட்டிருந்தது. கூகுள் 101, அமேசான் 76.

நான் எல்லோருக்கும் காட்ட விரும்பும் கணக்கு இன்னொன்று. வட அமெரிக்காவிலிருந்து 911 விண்ணப்பங்கள், ஐரோப்பாவிலிருந்து 675, ஆசிய பசிபிக் பகுதியிலிருந்து 303. லத்தீன் அமெரிக்கா முழுவதிலிருந்தும் 24, ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலிருந்தும் 17. உலகத்தின் சொற்களைப் பங்கிட்ட பந்தியில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அந்தச் சுற்றிலிருந்து இதுவரை 1,200-க்கும் மேற்பட்ட புதிய பின்னொட்டுகள் வேர்ப் பட்டியலில் ஏறியிருக்கின்றன.

7. பிடிக்கவில்லை என்றால் யார் ஆட்சேபிக்கலாம்? அரசாங்கம் சொன்னால் போதுமா?

முறையான ஆட்சேபம் நான்கு காரணங்களுக்காக எழுப்பலாம்: இருக்கும் பின்னொட்டுடன் குழப்பும் அளவுக்கு ஒத்திருப்பது, வணிகச் சின்ன உரிமை, பொது ஒழுங்குக்கு முரணாக இருப்பது, ஒரு சமூகத்தின் எதிர்ப்பு. இவற்றைத் தீர்ப்பாயங்கள் விசாரிக்கும், அதற்குக் கட்டணம் உண்டு. கட்டணம் கட்டக்கூடியவர்களின் குரல்தான் அங்கே ஏறும்.

அரசுகளுக்கு வேறு பாதை. ஐகானில் அரசுகளின் ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. அது ஒருமனதாக ஓர் அறிவுரை சொன்னால் இயக்குநர் குழு அதைத் தட்டிக்கழிப்பது கடினம். 2016-இல் திருத்தப்பட்ட விதிப்படி, அதை மறுக்க 60 சதவீத வாக்கு வேண்டும். 2012 நவம்பரில் அரசுகள் 242 முன்னெச்சரிக்கைகளை வெளியிட்டன. ஆஸ்திரேலியா ஒன்று மட்டுமே 129. ஆனால் அரசுகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லாவிட்டால் அறிவுரை பிறக்காது. .வைன், .வான் (ஒயினுக்கான பிரெஞ்சுச் சொல்) என்ற இரண்டு மதுப் பின்னொட்டுகளைப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு இல்லாமல் விடக்கூடாது என்று பிரான்ஸும் ஐரோப்பிய நாடுகளும் போராடின. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஒத்துவரவில்லை. கடைசியில் ஒயின் தயாரிப்பாளர்களும் விண்ணப்பதாரரும் 2015-இல் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள்.

8. அமேசான் என்பது நதியா, கம்பெனியா? .அமேசான் யாருக்குப் போனது?

கம்பெனிக்குப் போனது. அதற்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன.

2012-இல் அமேசான் நிறுவனம் தன் பெயரைக் கேட்டது. பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. அமேசான் படுகையைப் பகிர்ந்துகொள்ளும் எட்டு நாடுகளின் ஒப்பந்த அமைப்பு அவற்றின் பின்னால் நின்றது. அமெரிக்கா அந்த எதிர்ப்பை முதலில் தடுத்து, பிறகு ஒதுங்கிக்கொண்டதால், 2013 ஜூலையில் டர்பன் கூட்டத்தில் ஆலோசனைக் குழு ஒருமனதாக எதிர்த்தது. 2014 மே மாதம் ஐகான் விண்ணப்பத்தை நிறுத்தியது. 5-ஆம் கேள்வியில் சொன்ன அதே நடுவர் மன்றத்துக்கு நிறுவனம் போனது. அரசுகள் சொல்லிவிட்டன என்பது மட்டும் காரணமாகாது, பொதுநலக் காரணத்தை இயக்குநர் குழு தானே ஆராய்ந்திருக்க வேண்டும் என்று 2017 ஜூலையில் தீர்ப்பு வந்தது. இடையில் கிண்டில் கருவிகளும் கிளவுட் சேவையுமாக ஐந்து மில்லியன் டாலர் மதிப்புள்ள சமரசத்தை நிறுவனம் முன்வைத்தது. நாடுகள் ஏற்கவில்லை. 2019 மே மாதம் ஐகான் பச்சைக்கொடி காட்டியது, 2020-இல் பின்னொட்டு வேர்ப் பட்டியலில் ஏறியது.

சட்டப்படி நிறுவனத்தின் வாதம் வலுவானதுதான். பாதுகாக்கப்பட்ட இடப்பெயர்களை விதிப்புத்தகம் சர்வதேச நாட்டுக்குறியீட்டுப் பட்டியலை வைத்து வரையறுத்தது. நாடுகளும் மாநிலங்களும் மாகாணங்களும் அதில் உண்டு, நதிகள் கிடையாது. இதே விதி நம் டாட்டா குழுமத்தை எப்படிப் பாதித்தது என்று பாருங்கள். மொராக்கோவில் டாட்டா என்று ஒரு மாகாணம் இருப்பதால், .டாட்டா கேட்டபோது அந்நாட்டு அரசின் சம்மதம் தேவைப்பட்டது. விண்ணப்பம் கரைசேரவில்லை. .டாட்டாமோட்டார்ஸ் கிடைத்தது. பலரும் கேள்விப்படாத ஒரு மாகாணத்துக்குக் கிடைத்த காப்பு, உலகத்தின் மிகப் பெரிய நதிக்குக் கிடைக்கவில்லை. அது விதியின் ஓட்டை. அந்த ஓட்டைக்கான விலையை அங்கே வாழும் மக்கள் தரக்கூடாது என்றே நான் நினைக்கிறேன். படகோனியா என்ற துணி நிறுவனம், அர்ஜென்டினாவும் சிலியும் எதிர்த்ததும் 2013-இல் தன் விண்ணப்பத்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்படியும் நடந்துகொள்ள முடியும்.

9. ஒரு கண்டத்தின் பெயருக்கே சண்டை என்றார்களே, அது எது?

.ஆப்பிரிக்கா. டாட்கனெக்ட்ஆப்பிரிக்கா என்ற அமைப்பு கேட்டது, தென்னாப்பிரிக்காவின் பதிவகமும் கேட்டது. ஆப்பிரிக்க ஒன்றியம் இரண்டாமவரை ஆதரித்தது. கண்டத்தின் பெயர் வேண்டுமானால் அங்குள்ள அரசுகளில் 60 சதவீதத்தின் ஆதரவு வேண்டும் என்பது விதி. 2013-இல் ஆலோசனைக் குழு எதிர்த்ததால் முதல் விண்ணப்பம் நிறுத்தப்பட்டது. காரணம் கேட்காமல் நிறுத்தியது தவறு என்று 2015-இல் நடுவர் மன்றம் சொன்னது. மறுபடி பரிசீலித்தார்கள், ஆதரவு போதவில்லை. பிறகு கலிபோர்னியா நீதிமன்றத்தில் வழக்கு. 2017 பிப்ரவரியில் பின்னொட்டு தென்னாப்பிரிக்கப் பதிவகத்திடம் போனது, 2019-இல் வழக்கும் தோற்றது. ஆப்பிரிக்காவின் பெயர் யாருக்கு என்பதை லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நீதிபதி விசாரிக்க வேண்டியிருந்தது.

10. ஒரே பின்னொட்டை இரண்டு பேர் கேட்டால் யாருக்குக் கொடுப்பார்கள்?

முதலில் அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். தீரவில்லை என்றால், அவர்களில் யாராவது ஒரு சமூகத்தின் சார்பில் விண்ணப்பித்திருந்தால் அவருக்கு முன்னுரிமைத் தேர்வு நடக்கும். 16 மதிப்பெண்ணுக்கு 14 எடுக்க வேண்டும். அதிலும் தேறவில்லை என்றால் ஏலம்.

14 என்பது எவ்வளவு உயரம் என்பதற்கு .கே பின்னொட்டு சாட்சி. தன்பாலின ஈர்ப்பாளர் அமைப்புகள் பலவற்றின் ஆதரவோடு விண்ணப்பித்த நிறுவனத்துக்குக் கிடைத்தது 10 மதிப்பெண். மறுபரிசீலனைகளாலும் பயன் இல்லை. கடைசியில் வேறொரு வணிக நிறுவனம் அதைப் பெற்று 2020-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஏலத் தொகைகள் தலைசுற்ற வைக்கும். .ஆப் பின்னொட்டுக்கு 2015-இல் கூகுள் கொடுத்தது 2.5 கோடி டாலர். .ஷாப் 2016 ஜனவரியில் 4.15 கோடி. அதே ஆண்டு ஜூலையில் .வெப் 13.5 கோடி டாலருக்குப் போனது. ஏலம் எடுத்தது நு டாட் கோ என்ற சிறு நிறுவனம், பணம் கொடுத்தது .காம் நடத்தும் வெரிசைன். இரண்டாவதாக வந்த அஃபிலியாஸ், போட்டியாளரை மறைத்துவைத்து நடத்திய ஏலம் இது என்று நடுவர் மன்றத்துக்குப் போனது. ஐகான் முடிவெடுக்காமல் தள்ளிப்போட்டது தவறு என்று 2021-இல் தீர்ப்பு வந்தது. 2023 ஏப்ரலில் ஐகான் மறுபடியும் நு டாட் கோ பக்கமே முடிவெடுத்தது. எதிர்த்தரப்பு அதே ஆண்டு இரண்டாம் முறையாக நடுவர் மன்றத்தை நாடியது. .காம் என்ற ஏகபோகத்துக்கு மாற்றாக 1990-களில் கனவு கண்ட சொல், .காம் வைத்திருப்பவரின் பணத்தாலேயே வாங்கப்பட்டது. 3-ஆம் பதிலைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு கசப்பான முடிவு என்பது புரியும்.

11. கடவுள் பெயர், மதப் பெயர் எல்லாம் விற்பனைக்கா?

கேட்டவர்கள் உண்டு, கிடைத்தவர்கள் குறைவு. .கத்தோலிக் பின்னொட்டை வத்திக்கான் கேட்டது. கிறிஸ்தவப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் அதுவே ஒரே பிரதிநிதி இல்லை என்று சவூதி அரேபியா ஆட்சேபித்தது. ஆனாலும் வத்திக்கானுக்குக் கிடைத்தது. .இஸ்லாம், .ஹலால் இரண்டையும் துருக்கியைச் சேர்ந்த தனியார் நிறுவனம் ஒன்று கேட்டது. ஐக்கிய அரபு அமீரகமும் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பும் எதிர்த்தன. ஐகான் ஆண்டுக்கணக்கில் பதில் சொல்லாமல் வைத்திருந்தது. முடிவெடுத்தே ஆகவேண்டும் என்று 2017-இல் நடுவர் மன்றம் சொன்ன பிறகு 2018 அக்டோபரில் நிராகரித்தது.

இந்தியாவும் பேசியது. கிரைஸ்லர் நிறுவனம் தன் டிரக் வண்டியின் பெயரான .ராம் கேட்டது. இராமர் பெயர் என்ற காரணத்தால் நம் அரசு ஆட்சேபித்தது. ரிலையன்ஸ் கேட்ட .இண்டியன்ஸ் பின்னொட்டையும், ஒரு தேசத்து மக்களின் பெயர் ஒரு நிறுவனத்துக்குக் கூடாது என்று எதிர்த்தது. டர்பன் கூட்ட அறிக்கையில் இரண்டும் குறிக்கப்பட்டன. இரண்டும் வேர்ப் பட்டியலில் ஏறவில்லை. என்னிடம் கேட்டால், இரண்டாவது ஆட்சேபம்தான் கூடுதல் வலுவுள்ளது. கடவுள் பெயர் பல மொழிகளில் வேறு பொருளிலும் வரும், ஒரு மக்களின் பெயர் அவர்களுடையதுதான்.

12. "புத்தகம்", "அழகு" மாதிரிப் பொதுச் சொல்லை ஒரே கம்பெனி வைத்துக்கொண்டு யாருக்கும் தராமல் இருக்கலாமா?

2012 விதிப்புத்தகம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. .புக் வேண்டும் என்று அமேசானும் .பியூட்டி வேண்டும் என்று லோரியாலும், தங்களுக்கு மட்டும் என்று கேட்டபோதுதான் எல்லோரும் விழித்தார்கள். பதிப்பாளர்களும் எழுத்தாளர் அமைப்புகளும் எதிர்த்தார்கள். பொதுநல நோக்கம் இல்லாமல் இப்படிக் கொடுக்கக்கூடாது என்று 2013 ஏப்ரலில் பெய்ஜிங் கூட்டத்தில் அரசுகள் அறிவுரை சொன்னன. 2015-இல் ஐகான் அந்தச் சுற்றுக்கு இதை நிறுத்தியது. அடுத்த சுற்றிலும் அனுமதி இல்லை. புத்தகம் என்ற சொல்லைப் புத்தக வியாபாரிகளில் ஒருவர் மட்டும் பூட்டி வைப்பதை நியாயப்படுத்த எந்த வாதமும் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை.

13. .கார் இருக்கிறது, .கார்ஸ் இருக்கிறது. ஏமாற மாட்டார்களா?

ஏமாற வாய்ப்பு உண்டு. ஒருமை, பன்மை இரண்டையும் தனித்தனி ஆட்களுக்குக் கொடுத்தது 2012 சுற்றின் பெரிய சறுக்கல். .ஹோட்டல், .ஹோட்டல்ஸ் இரண்டும் இருக்கின்றன. .கேம், .கேம்ஸ் இரண்டும் இருக்கின்றன. ஆட்சேபங்களை விசாரித்த நடுவர்களும் ஒரே மாதிரி தீர்ப்பு சொல்லவில்லை. .காம், .கேம் என்ற இரண்டும் ஒத்திருக்கின்றன என்று வெரிசைன் மூன்று விண்ணப்பங்களை எதிர்த்தது. ஒன்றில் ஜெயித்தது, இரண்டில் தோற்றது. சொல் ஒன்று, எதிர்ப்பு ஒன்று, தீர்ப்பு மட்டும் இரண்டு. (இந்தக் .கேம் விளையாட்டைக் குறிப்பது இல்லை, கேமராவின் சுருக்கம்.) வருங்காலத்தில் ஒருமையும் பன்மையும் சேர்ந்து வர முடியாது.

14. .ஹோம் ஏன் இன்னும் வரவில்லை? கேட்க ஆள் இல்லையா?

நிறையப் பேர் கேட்டார்கள். சண்டை இங்கே மனிதர்களோடு இல்லை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளோடு. உலகம் முழுவதும் அலுவலக நெட்வொர்க்குகளும் வீட்டு ரூட்டர்களும் .கார்ப், .ஹோம், .மெயில் போன்ற சொற்களை உள்ளுக்குள் பயன்படுத்தி வந்தன. அவை வெளிப் பின்னொட்டாக ஏறினால், உள்ளே போக வேண்டிய தகவல் வெளியே யாரோ ஒருவரிடம் போய்ச் சேரும். 2013-இல் நடந்த ஆய்வு இந்த ஆபத்தை எடுத்துக்காட்டியது. 2018 பிப்ரவரியில் மூன்றையும் ஐகான் கைவிட்டது. 2024-இல் .இன்டர்னல் என்ற சொல்லை உள் நெட்வொர்க்குகளுக்கென்றே ஒதுக்கிவைத்தது. பொறியாளர்களின் எச்சரிக்கை நேரத்தில் கேட்கப்பட்ட நல்ல நிகழ்வு இது.

15. என் கடைப் பெயரை எல்லாப் பின்னொட்டிலும் வாங்கி வைக்க வேண்டுமா?

வேண்டாம். 1,200 பின்னொட்டுகளில் வாங்கினால் ஆண்டுதோறும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வணிகச் சின்னம் பதிவு செய்தவர்களுக்கு ஒரு பொதுக் களஞ்சியம் இருக்கிறது. அதில் பதிந்தால், புதிய பின்னொட்டு திறக்கும்போது குறைந்தது 30 நாட்கள் முன்பதிவு வாய்ப்பு கிடைக்கும். அதன் பிறகும் 90 நாட்களுக்கு, யாராவது உங்கள் பெயரைப் பதிவு செய்தால் உங்களுக்குத் தகவல் வரும். கெட்ட நோக்கத்தோடு பதிந்தவரிடமிருந்து பெயரை மீட்க 1999-இலிருந்தே ஒரு தகராறு தீர்வு முறையும் உண்டு.

பெரிய நிறுவனங்களின் அச்சத்தைக் காசாக்கியவர்கள் உண்டு. .சக்ஸ் என்ற வசைச்சொல் பின்னொட்டு 2015-இல் வந்தபோது, முன்பதிவுக் காலத்தில் வணிகச் சின்னக்காரர்களுக்கு விலை ஆண்டுக்கு 2,499 டாலர். இது சட்டப்படி சரியா என்று ஐகானே அமெரிக்க, கனடிய நுகர்வோர் அமைப்புகளுக்குக் கடிதம் எழுதியது. சிறு வணிகருக்கு என் ஆலோசனை: .காம் அல்லது .இன், அதோடு உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் ஒன்று. போதும்.

16. பின்னொட்டு நடத்தும் கம்பெனி மூடிவிட்டால் என் முகவரி என்ன ஆகும்?

உடனே அழியாது. ஐகான் அவசரகால நிர்வாகிகளை முன்கூட்டியே நியமித்திருக்கிறது. 2017 டிசம்பரில் .வெட் பின்னொட்டை நடத்திய நிறுவனம் தவறியபோது இங்கிலாந்தின் நோமினெட் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் நீண்ட கால எதிர்காலத்துக்கு உத்தரவாதம் இல்லை. அதனால் பதிவதற்கு முன் அந்தப் பின்னொட்டை யார் நடத்துகிறார்கள், இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். முதல் ஆண்டு விலையைப் பார்த்து வாங்கியவர்கள் பிறகு வருந்துவதை அடிக்கடி பார்க்கிறேன்.

17. தமிழ் எழுத்தில் பின்னொட்டு இருக்கிறதா? அதற்கும் சண்டையா?

.இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகிய மூன்று இருக்கின்றன. மூன்றும் நாட்டுப் பின்னொட்டுகள். அரசுகள் கேட்டதால் தனி விரைவுப் பாதையில் 2010, 2011 ஆண்டுகளில் வந்தவை. சண்டை பெரிதாக இல்லை. பல்கேரியாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதன் சிரில்லிக் பின்னொட்டு பிரேசிலின் .பிஆர் போலத் தெரிகிறது என்று 2010-இல் மறுக்கப்பட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தது.

தமிழில் பொதுப் பின்னொட்டு கேட்பவர்கள் எழுத்து விதிகளைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருக்கும் வடிவங்கள் உண்டு. ஸ்ரீ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகக் குறியேற்றம் செய்யலாம். இப்படிப்பட்ட இரட்டை வடிவங்கள் இரண்டு பேர் கையில் போனால் மோசடிக்கு வாசல் திறந்துவிடும் என்பதால், ஒருவருக்கே கொடுப்பது அல்லது மற்றதை முடக்குவது என்பது கொள்கை. அதைவிடப் பெரிய தடை, பல படிவங்களும் மின்னஞ்சல் சேவைகளும் தமிழ் முகவரியை இன்னும் ஏற்பதில்லை என்பது.

18. மறுபடியும் விண்ணப்பம் திறக்கிறார்களாமே? இந்த முறை என்ன மாற்றம்?

2026 ஏப்ரல் இறுதியில் அடுத்த சுற்று என்று ஐகான் அறிவித்தது. கட்டணம் 2,27,000 டாலர். தகுதியுள்ள ஏழை நாட்டு அமைப்புகளுக்கும் சமூக அமைப்புகளுக்கும் பெரும் பகுதிக் கட்டணக் குறைப்பு உண்டு. போட்டியாளர்கள் தங்களுக்குள் தனியாக ஏலம் நடத்தித் தோற்றவர் லாபம் பார்க்கும் பழக்கம் தடை செய்யப்பட்டிருக்கிறது. முதல் சொல்லுக்குப் போட்டி வந்தால் மாற்றிக்கொள்ள ஒரு மாற்றுச் சொல்லை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். 12, 13 பதில்களில் சொன்ன தடைகளும் அமலில் இருக்கும். போட்டி முற்றினால் கடைசியில் ஏலம்தான் என்ற விதி மட்டும் மாறவில்லை. என் மனக்குறையும் அதுதான்.

19. யாராவது எங்கள் ஊர்ப் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ கேட்டால் நாங்கள் என்ன செய்ய முடியும்?

எந்தப் பெயர் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாடு என்பது குறியீட்டுப் பட்டியலில் உள்ள மாநிலப் பெயர், அரசின் சம்மதம் இல்லாமல் கொடுக்க முடியாது. நாட்டின் தலைநகரங்களுக்கும் அதே காப்பு. மதுரை, திருநெல்வேலி போன்ற நகரங்களுக்குப் பாதிக் காப்புதான்: அந்த நகரத்துக்காகவே பயன்படுத்தப்போகிறேன் என்று விண்ணப்பதாரர் சொன்னால்தான் உள்ளூர் அரசின் சம்மதம் தேவை. காவிரி, வைகை, பொதிகை, குலதெய்வம் இவற்றுக்கு அமேசான் நதிக்கு இருந்த நிலைதான்.

பட்டியல் வெளியானதும் பொதுக் கருத்து தெரிவிக்கக் காலம் ஒதுக்குவார்கள். அதற்குக் கட்டணம் இல்லை, யாரும் எழுதலாம். முறையான ஆட்சேபத்துக்குப் பணம் வேண்டும், ஒரு சமூகத்தின் அமைப்பாகப் போனால் வலு அதிகம். எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, அரசுகளின் ஆலோசனைக் குழுவில் இந்தியாவின் சார்பில் உட்காரும் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு எழுதுவது. .ராம், .இண்டியன்ஸ் இரண்டையும் அந்தக் குழுவில் எதிர்த்தது இந்திய அரசுதான். விண்ணப்பப் பட்டியல் வெளியான ஆரம்ப மாதங்களிலேயே அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும். முன்னெச்சரிக்கை கொடுக்கும் கட்டம் தாண்டிவிட்டால் பிறகு நடுவர் மன்றமும் வழக்கறிஞரும்தான், அவை எத்தனை ஆண்டுகள் இழுக்கும் என்பதை 8, 9, 10 பதில்களில் பார்த்தீர்கள்.